குவர்க் எழுதுவது எளிது, யாருக்கு எழுதுவது என்பதுதான் வம்பு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் டிஸ்க் சம்பந்தப்பட்ட டிரைவர்களின் (சாதனங்களோடு பேசும் நிரல்களின்) மூலநிரலைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் எங்கேயாவது ஒரு நீளமான அட்டவணை உட்கார்ந்திருக்கும். சாட்டா இணைப்பில் வரும் டிஸ்க்குகளுக்கான லிப்ஆட்டா நிரலில் ஒன்று, பிசிஐ பஸ் வழியாகப் பேசும் வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ டிரைவரில் ஒன்று, யுஎஸ்பி ஸ்டோரேஜுக்கு 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்ற பெயரில் தனிக் கோப்பே உண்டு. இன்ன கம்பெனி, இன்ன மாடல், இன்ன ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) என்றால் இன்னதைச் செய்யாதே, அல்லது கொஞ்சம் பொறுத்துச் செய் என்று வரிசையாகப் போகும். இந்த வரிகளைத்தான் குவர்க் என்கிறார்கள் (லிப்ஆட்டாவில் 2024 வரை 'ஹார்க்கேஜ்' என்று இருந்தது, அப்புறம் அங்கேயும் குவர்க் ஆகிவிட்டது).

இந்தக் கோப்புகளைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. படிக்கப் படிக்க ஒன்று மட்டும் உறுதியாகிக்கொண்டே வருகிறது. ஹார்டுவேரின் கிறுக்குத்தனத்தைச் சமாளிக்கும் நிரல் பெரும்பாலும் இரண்டு வரிதான், ஒரு ஃபிளாக், ஒரு இஃப். 'இந்த டிஸ்க் அந்த டிஸ்க்தானா' என்று கண்டுபிடிக்கிற நிபந்தனை இருக்கிறதே, மூளையைக் கசக்குவது அதுதான். தப்பான டிஸ்க்குக்குப் போட்டால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவன் வேகத்தை இழப்பான். போட வேண்டியதற்குப் போடாமல் விட்டால் யாரோ ஒருவருக்கு டேட்டா போகும்.

முதலில் யுஎஸ்பியை எடுத்துக்கொள்கிறேன், கூத்து அங்கேதான் அதிகம். பென்டிரைவும் வெளி ஹார்டுடிஸ்க்கும் உள்ளுக்குள் ஸ்கஸி என்ற பழைய டிஸ்க் நெறிமுறையின் கமாண்டுகளைப் பேசுகின்றன. ஸ்கஸி விவரக்குறிப்பு நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் மலிவு சிப் செய்கிறவர் அதை வைத்துச் சோதிப்பதில்லை, விண்டோஸில் செருகினால் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். டிஸ்க்கின் அமைப்புகளைக் கேட்கும் மோட் சென்ஸ் என்ற கமாண்டில் எத்தனை பைட் பதில் வேண்டும் என்று கேட்கிறவர் சொல்லலாம். பல யுஎஸ்பி டிஸ்க்குகள் 192 பைட் கேட்டால் மட்டுமே ஒழுங்காகப் பதில் சொல்லும், ஏனென்றால் விண்டோஸ் கேட்பது 192. இது என் ஊகம் இல்லை, கர்னல் நிரலில் கமெண்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் லினக்ஸும் இன்றுவரை யுஎஸ்பி டிஸ்க்கிடம் 192 என்றே கேட்கிறது. இங்கே அடையாளம் காண்கிற வேலையே இல்லை, எல்லோருக்கும் ஒரே மருந்து, அதனால் தொந்தரவும் இல்லை.

அடுத்தது கொள்ளளவு. ரீட் கெப்பாசிட்டி என்று கேட்டால் டிஸ்க் தன் கடைசி செக்டரின் (டேட்டாவை வைக்கும் சிறு துண்டின்) எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் மொத்த செக்டர்கள் அதைவிட ஒன்று கூடுதல். சில சாதனங்கள் கடைசி எண்ணுக்குப் பதிலாக மொத்த எண்ணிக்கையையே சொல்லிவிடும், அப்போது கர்னல் அதோடு ஒன்றைக் கூட்டி, இல்லாத ஒரு செக்டர் இருப்பதாக நம்பும். பார்ட்டிஷன் அட்டவணையின் நகலைத் தேடிக் கடைசி செக்டரைப் படிக்கப் போகும்போது சாதனம் பிழை சொல்லும், இல்லையென்றால் அப்படியே தொங்கிவிடும். பழைய ஐபாடுகள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன, எனவே இது பெயர் தெரியாத கம்பெனிகளின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெரிந்த மாடல்களுக்குப் பட்டியல் போட்டாயிற்று, தெரியாத மாடல்களுக்கு? அதற்கு ஒரு ஃபிளாக் வைத்திருக்கிறார்கள்: மொத்த செக்டர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் இந்தச் சாதனம் தப்பாகச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டு ஒன்றைக் கழித்துவிடு. ஒற்றைப்படையில் உண்மையாகவே செக்டர் இருக்கிற சாதனம் கிடைப்பது அபூர்வம் என்ற நம்பிக்கையில் ஓடுகிற ஊகம் இது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஆனால் என் டிஸ்க்கில் இதைச் செய்யாதே என்றும் சொல்வேன்.

சரி, அடையாளச் சிக்கல் உண்மையில் என்ன என்று தெரிய வேண்டுமானால் ஏஎஸ்மீடியாவின் சிப்புகளைப் பார்க்க வேண்டும். சாட்டா டிஸ்க்கை யுஎஸ்பியாக மாற்றும் பெட்டிகளில் ஏஎஸ்எம்1051, ஏஎஸ்எம்1053 என்று இரண்டு சிப்புகள் புழங்கின. யுஏஎஸ் என்பது பல கமாண்டுகளை ஒரே நேரத்தில் அனுப்ப வழி செய்யும் புதிய நெறிமுறை. 1051-இல் அது உடைந்து கிடக்கிறது, 1053-இல் கிட்டத்தட்ட ஒழுங்காக இருக்கிறது. 1051-க்கு மட்டும் யுஏஎஸ் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 1051-உம் பழைய 1053-உம் ஒரே யுஎஸ்பி ஐடியோடு வருகின்றன! வென்டர் எண்ணும் (கம்பெனியைக் குறிப்பது) அதே, பிராடக்ட் எண்ணும் (மாடலைக் குறிப்பது) அதே. வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

இதற்குக் கர்னலில் எடுத்த வழி, சாதனம் எத்தனை ஸ்ட்ரீம்களை (யுஏஎஸ் கமாண்டுகள் தனித்தனியாக ஓடும் தடங்களை) ஆதரிப்பதாகச் சொல்கிறது என்று பார்ப்பது. 32 என்று சொன்னால் இது 1051 ஆக இருக்கலாம், யுஏஎஸ் வேண்டாம். வேறு எண் என்றால் 1053, யுஏஎஸ் பேசலாம், ஆனால் அதற்கும் பெரிய டிரான்ஸ்ஃபர்களில் தகராறு உண்டு என்பதால் ஒரு தடவைக்கு 240 செக்டருக்கு மேல் அனுப்பாதே. புதிய 1053-களும் 32 ஸ்ட்ரீம் சொல்கின்றன, நல்லவேளையாக அவற்றின் பிராடக்ட் எண் வேறு. இதில் ஒரு வேடிக்கையான பக்கவிளைவும் உண்டு. ஸ்ட்ரீம் என்பதே யுஎஸ்பி 3 சமாச்சாரம். அதே பெட்டியை யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் ஸ்ட்ரீம் தகவலே வராது, அப்போது கர்னல் பாதுகாப்பாக 1051 என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரே பெட்டி எந்த ஓட்டையில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு சாதனங்களாக நடத்தப்படுகிறது.

இன்னொரு பக்கம், வம்பே வேண்டாம் என்று மொத்தமாகத் துடைத்துப் போட்ட குவர்க்குகளும் இருக்கின்றன. சீகேட் கம்பெனியின் யுஎஸ்பி பெட்டிகளில் ஏடிஏ கமாண்டுகளை (சாட்டா டிஸ்க்கின் சொந்த மொழி) ஸ்கஸிக்குள் பொதிந்து அனுப்பும் வசதி உடைந்திருக்கிறது என்று புகார்கள் வந்துகொண்டே இருந்தன. மாடல் மாடலாகச் சேர்த்துப் பார்த்தார்கள், புது மாடல் வருவதும் நிற்கவில்லை, புகார் வருவதும் நிற்கவில்லை. கடைசியில் யுஏஎஸ் பேசுகிற சீகேட் வென்டர் எண் என்றாலே அந்த வசதியை அணை என்று எழுதிவிட்டார்கள். அந்த வசதி இல்லையென்றால் ஸ்மார்ட் தகவல் வராது, அதாவது டிஸ்க்கின் ஆரோக்கியத்தை, சூட்டைப் பார்க்க முடியாது. உங்கள் பெட்டி நல்ல பெட்டியாக இருந்தாலும்தான். இந்த நிரலைப் பராமரிப்பவர் பக்கம் இருந்து பார்த்தால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது, ஸ்மார்ட் கிடைக்காத எரிச்சலைவிட டிஸ்க் நடுவழியில் தொங்குவது மோசம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: யுஎஸ்பி ஸ்டோரேஜின் குவர்க் அளவுருவை, கர்னலுக்குப் பூட் நேரத்தில் கொடுக்கிறோமே, அதைக் குவர்க் போடுவதற்கு மட்டும் இல்லை, எடுப்பதற்கும் பயன்படுத்தலாம். வென்டர் எண், பிராடக்ட் எண், அதன் பின் எழுத்துகள் என்பது வழக்கமான வடிவம். யுஏஎஸ் வேண்டாம் என்பதற்கு 'யு' எழுத்து. எழுத்து எதுவும் போடாமல் விட்டால், அந்தச் சாதனத்துக்குக் கர்னல் தானாகப் போட்டிருக்கும் குவர்க்குகளில் இந்த அளவுருவால் மாற்றக்கூடியவை அத்தனையும் கழன்றுவிடும். சீகேட் பெட்டியில் ஸ்மார்ட் படிக்க வேண்டும் என்கிறவர்கள் செய்வது இதைத்தான். முக்கியமான டேட்டா இல்லாத டிஸ்க்கில் முயற்சி செய்து பாருங்கள்.

'யு' எழுத்து பிரபலமானது ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி வந்த பிறகு. 2019-இல் வந்த அந்த போர்டில்தான் பை வரிசையில் முதன்முதலாக யுஎஸ்பி 3 போர்ட் வந்தது, எஸ்டி கார்டை விட்டுவிட்டு எஸ்எஸ்டியில் இருந்து ஓட்டலாம் என்று எல்லோரும் சாட்டா அடாப்டர்களை வாங்கிக் குவித்தார்கள், பாதிப் பேருக்கு டிஸ்க் திடீர் திடீரென்று முப்பது விநாடி உறைந்தது. என் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது, 'யு' போட்டதும் அடங்கிவிட்டது. ஆனால் அதற்காக எல்லா உறைவுக்கும் 'யு' போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மின்சாரம் போதாமல் டிஸ்க் விழுவதும் வெளியில் இருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், கேபிள் மோசமாக இருந்தாலும் இதே மாதிரிதான். யுஏஎஸ் அணைந்தால் ஒரு நேரத்தில் ஒரே கமாண்ட்தான், டிஸ்க்கின் மேல் பளு குறைவதாலேயே மின்சாரக் குறைவு மறைந்து நிற்கும். சிப் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு டிஸ்க் உலகில் இதைவிடப் பெரிய உதாரணம் 2015-இல் நடந்தது. அல்கோலியா என்ற தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் நடுவே திடீரென்று பூஜ்ஜியங்கள் தோன்ற ஆரம்பித்தன. அவர்கள் விசாரித்து, சாம்சங் எஸ்எஸ்டிகள் இருக்கும் சர்வர்களில்தான் இது நடக்கிறது, டிரிம்மை நிறுத்தினால் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். டிரிம் என்றால் இந்தப் பகுதி இனி எனக்கு வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்வது, அது தப்பான பகுதியை அழித்தால் இப்படித்தான் ஓட்டை விழும். செய்தி பரவியது, சாம்சங் டிஸ்க் வாங்காதே என்று ஊரெல்லாம் பேச்சு. சாம்சங் பொறியாளர்கள் தாங்களே சோதித்துப் பார்த்தபோது தப்பு டிஸ்க்கில் இல்லை, லினக்ஸ் கர்னலில் இருந்தது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் எம்டி ரெய்டில் ஒரு பெரிய டிஸ்கார்ட் கோரிக்கையை (டிரிம்முக்குக் கர்னலில் இருக்கும் பெயர்) பல டிஸ்க்குகளுக்காகத் துண்டு போடும்போது, துண்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளக் கூடாத ஒரு தகவல் பகுதியைப் பகிர்ந்துகொண்டன. அதனால் டிரிம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போனது. கர்னல் உருவாக்குநர் மார்ட்டின் பீட்டர்சன் எழுதிய திருத்தம் அந்த ஜூலையில் வந்தது. டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறைகளான லீனியர், ரெய்டு 0, ரெய்டு 10 மூன்றிலும் இந்தப் பிழை இருந்ததாக அதிலேயே குறித்திருக்கிறார்.

இதோடு கதை முடிந்திருந்தால் சாம்சங் நிரபராதி என்று போட்டுவிடலாம். ஆனால் அதே காலத்தில், அதே டிஸ்க்குகளில், அதே டிரிம்மில், வேறொரு பிழை உண்மையாகவே இருந்தது! சாட்டா 3.1-இல் வரிசையில் நின்று போகும் டிரிம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய டிரிம் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற கமாண்டுகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், புதியதுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். சாம்சங் 8 வரிசை டிஸ்க்குகள் எங்களுக்கு இது தெரியும் என்று சொல்லிக்கொண்டன, செய்யச் சொன்னால் சொதப்பின. கர்னலில் 'சாம்சங் எஸ்எஸ்டி 8' என்று தொடங்கும் எல்லா மாடலுக்கும் சேர்த்து அதை அணைக்கும் குவர்க் போட்டார்கள். அல்கோலியா பயன்படுத்தியது பழைய டிரிம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன்.

அந்தக் குவர்க் பிற்பாடு என்ன ஆனது என்பதும் சுவாரஸ்யம். 860 புது டிஸ்க், அதற்கு எதற்குத் தண்டனை என்று சில வருடம் கழித்துப் பட்டியலை 840, 850 என்று மட்டும் சுருக்கினார்கள். புகார்கள் வர ஆரம்பித்தன. 2021-இல் 860-ஐயும் 870-ஐயும் மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். அதோடு விடவில்லை, பழைய ஏஎம்டி போர்டுகளில் ஏடிஐயின் (ஏஎம்டி வாங்கிய கம்பெனி) வென்டர் எண்ணோடு இருக்கும் சாட்டா கண்ட்ரோலரில் இந்த இரண்டு டிஸ்க்கும் மாட்டப்பட்டிருந்தால் கமாண்ட் வரிசையையே (பல கமாண்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பி வைப்பதை) முழுதாக அணை என்று இன்னொரு குவர்க்கும் சேர்ந்தது. இதில் டிஸ்க் மட்டும் குற்றவாளி இல்லை, கண்ட்ரோலர் மட்டும் குற்றவாளி இல்லை, இரண்டும் சேரும்போதுதான் தகராறு. குற்றவாளி ஜோடியாக இருக்கும் இடத்தில் மாடல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? நூறு பேரில் தொண்ணூறு பேர் சும்மா அடி வாங்குவார்கள்.

ஒப்பிட்டால் குருஷியல் எம்எக்ஸ்100-க்கான வரி சுத்தமானது. எம்யு01 என்ற ஃபர்ம்வேர் என்றால் மட்டும் வரிசை டிரிம் வேண்டாம், அடுத்த பதிப்புக்கு மாறியவர்களுக்குத் தடை இல்லை. அந்தக் கம்பெனியின் முந்தைய எம்500-க்கு அப்படி இல்லை, ஃபர்ம்வேர் எதுவானாலும் தடைதான்.

ஜோடிக் குற்றத்தின் உச்சம் என்விஎம்இயில். 2017-இல் கர்னல் 4.11-இல் ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பு வந்தது, டிஸ்க் சும்மா இருக்கும்போது தானாகவே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். லேப்டாப் பேட்டரிக்கு நல்லது. சில டிஸ்க்குகள் தூங்கப் போய் எழுந்திருக்கவே இல்லை, பிசிஐ பஸ்ஸில் இருந்தே காணாமல் போயின. சாம்சங் எஸ்எம்951-க்கான குவர்க்கைப் போய்ப் பாருங்கள்: டிஸ்க்கின் எண்ணைப் பார்த்தால் போதாது, மெஷின் டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550 அல்லது பிரிசிஷன் 5510-ஆக இருந்தால் மட்டும் கடைசித் தூக்க நிலையைத் தவிர் என்று பயாஸில் இருந்து மெஷின் பெயரை எடுத்து ஒப்பிடுகிறார்கள். 960 ஈவோவுக்கு இதே மாதிரி இரண்டு ஏசூஸ் மதர்போர்டுகளின் பெயர். டிஸ்க் டிரைவருக்குள் மதர்போர்டு பெயர் எழுத வேண்டி வருவது அசிங்கம்தான். ஆனால் நான் பார்த்த குவர்க்குகளில் மிக நேர்மையானது இந்த வகைதான், தெரிந்ததை மட்டும் சொல்கிறது, அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

அடையாளமே பொய் என்றால்? 2022-இல் வந்த 5.18-இல் ஒரு புதிய சோதனை சேர்ந்தது. ஒவ்வொரு என்விஎம்இ நேம்ஸ்பேஸுக்கும் (தனி டிஸ்க்காகத் தெரியும் பகுதிக்கும்) உலகத்திலேயே தனித்த ஒரு ஐடி இருக்க வேண்டும், ஒரே ஐடி இரண்டு இடத்தில் தெரிந்தால் அது ஒரே டிஸ்க்குக்கு இரண்டு பாதை என்று பொருள், பெரிய சர்வர்களில் அதை நம்பித்தான் பல வேலைகள் நடக்கின்றன. எனவே சம்பந்தமில்லாத இரண்டு டிஸ்க் ஒரே ஐடியைச் சொன்னால் இரண்டாவதை ஏற்காதே என்று எழுதினார்கள். தர்க்கப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மலிவு டிஸ்க் செய்கிறவர்களில் பலர் எல்லா டிஸ்க்கிலும் ஒரே ஐடியை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள், ஒரே மாடலில் இரண்டு வாங்கி மாட்டியவர்களுக்குக் கர்னல் புதுப்பித்ததும் ஒரு டிஸ்க் காணோம். உடனே 'இதன் ஐடியை நம்பாதே' என்ற குவர்க், அப்புறம் இன்னொரு மாடல், இன்னொரு மாடல் என்று என்விஎம்இ அட்டவணை வீங்கிக்கொண்டே போனது. 2023-இல் கர்னல் உருவாக்குநர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அந்தச் சோதனையைத் தளர்த்தினார். ஒரே போர்ட் இருக்கும் பிசிஐ டிஸ்க்குக்கு இரண்டு பாதை இருக்க வழியே இல்லை, அதனால் பெரிதாக ஒரு எச்சரிக்கை அச்சிட்டுவிட்டு டிஸ்க்கை ஏற்றுக்கொள். இதை ஒரு வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பது என் கருத்து. பொதுவான ஒரு நிபந்தனையால் தீர்க்கக்கூடியதை மாடல் பட்டியலால் தீர்க்கப் போனால் பட்டியலுக்கு முடிவு வராது.

ஆப்பிள் கதை நேர் எதிர். டி2 என்ற ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளின் என்விஎம்இ கண்ட்ரோலர் கமாண்டுக்கு 64 பைட்டுக்குப் பதில் 128 பைட் எதிர்பார்க்கிறது, நிர்வாக வரிசையும் டேட்டா வரிசையும் ஒரே டேக் எண்களை (எந்தக் கமாண்ட் எது என்று குறிப்பவை) பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது, இன்டரப்ட் (வேலை முடிந்தது என்று பிராசஸரைத் தட்டும் சைகை) ஒன்றே ஒன்றுதான். டிரைவரின் நடுக்கூட்டில் கை வைக்க வேண்டியிருந்தது, பென் ஹெரன்ஷ்மிட் 2019-இல் செய்தார். வேலை அதிகம், ஆனால் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. ஆப்பிள் வென்டர் எண், 2005 என்ற சாதன எண், அவ்வளவுதான். அந்தச் சிப்பை வேறு யாரும் விற்பதும் இல்லை, வேறு போர்டில் மாட்டுவதும் இல்லை.

இதில் சிரிப்பு வரவழைக்கும் வரி ஒன்றும் உண்டு. கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளால் உருவாக்கிக் காட்டும் க்யூஎம்யூவின் போலி என்விஎம்இ கண்ட்ரோலருக்கும் அந்த அட்டவணையில் இடம் இருக்கிறது. ஹார்டுவேரே இல்லாத, முழுக்க மென்பொருளில் எழுதிய டிஸ்க், அதுவும் விவரக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது, அதற்கும் குவர்க்.

உங்கள் டிஸ்க் எப்போதாவது இப்படி முரண்டு பிடித்து நீங்கள் புகார் எழுத நேர்ந்தால், டிமெசேஜ் (கர்னலின் செய்திப் பதிவு) வரிகளை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். டிஸ்க்கின் ஃபர்ம்வேர் பதிப்பு, அது எந்தக் கண்ட்ரோலரில் எந்த போர்ட்டில் மாட்டியிருக்கிறது, மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, வேறு மெஷினில் அதே டிஸ்க் எப்படி நடந்துகொள்கிறது, இத்தனையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம், அதற்குத்தான் மதிப்பும் அதிகம். இந்த விவரம் இல்லாத புகார் நாலைந்து சேர்ந்தால் பராமரிப்பவருக்கு வேறு வழி இல்லை, மாடல் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு மொத்த வரிசையையும் பட்டியலில் சேர்த்துவிடுவார், அதில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் என் டிஸ்க்கும் மாட்டும்.